நாகபுரியிலிருந்து நாஷ்வில் வரை

நாகபுரித் தமிழன்பர்களுக்கு ஹிஸ்லாப் கல்லூரி புதிதன்று. 1883-இல் தோன்றிய அக்கல்லூரியின் வாயிலை நாம் எத்தனையோ முறை கடந்து சென்றிருப்போம். ஆயினும், 1953 முதல் 1956 வரை அங்கு மாணவர்க்கு விளையாட்டுப் பயிற்சி அளித்த ஓர் அமெரிக்கக் கறுப்பின இளைஞரை நாம் அறிந்திருக்கவில்லை. அவர் பெயர் ஜேம்ஸ் லாசன். மெதடிஸ்ட் போதகர் ஒருவரின் மகன். கொரியப் போருக்கு ஆள் சேர்த்தபோது படையில் சேர மறுத்துச் சிறை சென்றவர். விடுதலைக்குப் பின் சமயத் தொண்டராக இங்கு வந்து, சத்தியாக்கிரக முறையை ஆழ்ந்து பயின்றார். காந்தியடிகள் வாழ்ந்த சேவாகிராமம் நமக்கு அண்மையில் உள்ளதன்றோ!

1955 டிசம்பரில் அலபாமா மாநிலத்து மாண்ட்கமரி நகரில், கறுப்பர்கள் பேருந்து ஏறாது புறக்கணித்த செய்தியை அவர் நாகபுரியிலேயே நாளிதழில் படித்தார். தாயகம் திரும்பியபின், 1957-இல் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்தார். கிங் வேண்டியதற்கிணங்க, மறு ஆண்டே டென்னசி மாநிலத் தலைநகரான நாஷ்வில் சென்று குடியேறினார்.

அங்கே தேவாலயங்களுக்குப் பஞ்சமில்லை, நிறவேற்றுமைக்கும் பஞ்சமில்லை. லாசன் சார்ந்திருந்த மெதடிஸ்ட் சபையே, 1939-இல் வடக்கும் தெற்கும் இணைந்தபோது, கறுப்பர் சபைகளைத் தனி வட்டாரமாக ஒதுக்கி வைத்தது. ஒரே வேதம், ஒரே பாட்டு, இரண்டு நிருவாகம்! இதைப் படித்து நகைக்க நமக்கும் உரிமையில்லை. நாம் இவ்வூருக்கு வந்து வீடு தேடிய நாளில், ஊரைக் கேட்டு மகிழ்ந்த தமிழன்பர் ஒருவர், அடுத்த வினாவாக நம் குலத்தைக் கேட்டார். நாமும் வாய் திறந்து விடையளித்தோம். அன்று ஏன் வாளாவிருந்திலோம் என இன்றளவும் நெஞ்சு உறுத்துகிறது.

லாசன் கண்ட வழி யாதெனில், பிரசங்கம் போதாது, பயிற்சி வேண்டும் என்பதே. கிளார்க் நினைவு மெதடிஸ்ட் தேவாலயத்தின் அடித்தள அறையில், 1959-இன் பிற்பகுதியில், செவ்வாய்க்கிழமை மாலைதோறும் மாணவர் கூடினர். டயான் நாஷ், ஜான் லூயிஸ், பெர்னார்ட் லஃபாயெட் ஆகியோர் அவருள் சிலர். வெறும் நாற்காலிகளை வரிசையாக இட்டு, அதையே சிற்றுண்டிக் கடையெனக் கொள்வர். ஒரு சாரார் அமர்வர்; மறுசாரார் வெள்ளை முரடராக நடித்து, இழிசொல் கூறுவர், முகத்தில் புகை ஊதுவர், பிடித்துத் தள்ளுவர். அமர்ந்தவர் கை ஓங்கலாகாது. கீழே விழுந்தால் தலையைக் காத்துக்கொள்ளும் விதமும் கற்பிக்கப்பட்டது. பிறகு இரு சாராரும் இடம் மாறுவர். வைதவனே வசை கேட்பான். ரயில்வேயில் விபத்து நேருமுன்னரே மீட்புப் பயிற்சி நடத்துவதைக் கண்ட நமக்கு, இதன் அருமை எளிதில் விளங்குகிறது. மனம் நல்லதாயிருப்பினும், கை கால்கள் பழகாவிடில், வேளை வரும்போது ஓடவோ அடிக்கவோதான் முற்படும்.

1960 பிப்ரவரி 13-ஆம் நாள் நூற்றுக்கு மேற்பட்ட மாணவர் நாஷ்வில் கடைகளில் சென்று அமர்ந்தனர். அக்கடைகளில் கறுப்பர் துணி வாங்கலாம், சோப்பு வாங்கலாம். உட்கார்ந்து உண்ணல் ஆகாது. 27-ஆம் நாள் முரடர் கூட்டம் அவர்களைத் தாக்கிற்று. காவலரோ அடி வாங்கிய மாணவரையே எண்பதின்மருக்கு மேல் கைது செய்தனர். மார்ச் மாதம் லாசன் தாம் பயின்ற வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தினின்றும் நீக்கப்பட்டார். ஏப்ரல் 19-இல் மாணவர் தரப்பு வழக்கறிஞர் லூபியின் இல்லத்தில் குண்டு வெடித்தது. அன்றே ஆயிரக்கணக்கானோர் அமைதியாக நகர மன்றம் நோக்கி நடந்தனர். வேற்றுமை பாராட்டுதல் முறையா என்று டயான் நாஷ் நேருக்கு நேர் வினவ, மேயர் பென் வெஸ்ட் முறையன்று என ஒப்பினார். மே 10-ஆம் நாள் கடைகள் கறுப்பர்க்கும் உணவு பரிமாறின.

சபைக்குள் மாற்றம் வரச் சற்றுக் காலம் பிடித்தது. அத்தனி வட்டாரம் 1968-இல்தான் ஒழிந்தது. கடைக்காரர் திருந்தி எட்டாண்டுகளுக்குப் பின்! நீக்கிய பல்கலைக்கழகமே 2006-இல் லாசனை வருகைப் பேராசிரியராக வரவேற்றது. அவர் 2024 ஜூன் 9-ஆம் நாள், தம் 95-ஆம் வயதில், லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். அச்செய்தியை நாளிதழில் படித்துக்கொண்டு வருகையில்தான், நடுவே நாகபுரி என்னும் பெயர் நம் கண்ணிற் பட்டது.