ஊதியம் பெறாத காவலர்கள்: நியூயார்க் மாநிலத் தீயணைப்பாளர் சங்கத்தின் கதை



பள்ளியில் தீ ஒத்திகை முடிந்து மாணவர்களைத் திடலில் வரிசையாக நிறுத்தியிருந்தபோது, நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "ஐயா, சம்பளமே வாங்காமல் யாராவது தீயை அணைக்கப் போவார்களா?" போவார்கள் என்றேன். அவனால் நம்ப முடியவில்லை. அவனுக்காகத் தேடிப் படித்ததை இங்கே உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

அமெரிக்காவின் நியூயார்க் நகருக்கு 1731-ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து இரண்டு கைப்பம்பு வண்டிகள் கப்பலில் வந்திறங்கின. அவற்றை இயக்க ஆள்கள் வேண்டுமல்லவா? 1737-இல் அன்றைய குடியேற்ற மன்றம் சட்டம் இயற்றித் தன்னார்வத் தீயணைப்பாளர்களை நியமிக்க வழி செய்தது. அவர்களுக்கு ஊதியம் இல்லை. மாறாக, நீதிமன்ற நடுவர் குழுவில் அமர்வது, படைப்பணி ஆகிய கடமைகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. கைவினைஞர்களும் வணிகர்களும் தம் வேலையைப் போட்டுவிட்டுத் தீயை நோக்கி ஓடினர்.

1835 டிசம்பர் 16-ஆம் நாள் இரவு அந்நகரில் மூண்ட பெருந்தீ அவர்களைக் கடுமையாகச் சோதித்தது. உறைபனிக் குளிரில் ஆற்று நீரே பனிக்கட்டியாகிக் கிடந்தது; குழாய்களுக்குள் நீர் உறைந்தது. ஏறத்தாழ 700 கட்டடங்கள் அழிந்தன. நகரின் 26 தீக்காப்புறுதி நிறுவனங்களில் 23 நொடித்துப் போயின. 1865-இல் நியூயார்க் நகரில் ஊதியம் பெறும் தீயணைப்புப் படை அமைக்கப்பட்டது. ஆயினும் மாநிலத்தின் சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் தன்னார்வலர்களே தொடர்ந்து பணியாற்றினர்.

இவ்வாறு சிதறிக் கிடந்த குழுக்களை ஒன்றிணைக்கவே 1872-இல் 'நியூயார்க் மாநிலத் தீயணைப்பாளர் சங்கம்' தோன்றியது. ஓர் ஊரின் குழு தன் ஊர்த் தீயை அணைக்கலாம். ஆனால், காயமுற்ற தன்னார்வலனுக்கு உதவித்தொகை கேட்டு மாநிலச் சட்டமன்றத்தின் கதவைத் தட்டத் தனியொரு குழுவால் இயலுமா? பயிற்சி, பாதுகாப்பு, சட்டம் ஆகிய மூன்றுக்கும் மாநில அளவிலான ஒரே குரல் தேவைப்பட்டது.

ஒற்றுமையின் தேவையை 1904-இல் மேரிலாந்து மாநிலத்துப் பால்டிமோர் நகரத் தீயும் உணர்த்தியது. உதவிக்கு வெளியூர்களிலிருந்து வண்டிகள் விரைந்து வந்தன. ஆனால் அவற்றின் நீர்க்குழாய் இணைப்புகள் அந்நகரின் நீர்வாய்களில் பொருந்தவில்லை! 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. நல்ல மனம் மட்டும் போதாது, பொது ஒழுங்கும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இச்சங்கத்தின் செயல்களுள் என் மனத்தைத் தொட்டது 1895-இல் ஹட்சன் எனும் ஊரில் திறக்கப்பட்ட தீயணைப்பாளர் இல்லமாகும். பிறர் வீட்டைக் காத்தவர்கள் முதுமையில் வீடற்று நிற்கலாகாது என்பதே அதன் நோக்கம். வெளிமாநிலக் காப்புறுதி நிறுவனங்களின் தீக்காப்புறுதிச் சந்தாவின்மீது 2 விழுக்காடு வரி விதிக்கப்படுகிறது. அதில் ஒரு பங்கு இந்த இல்லத்தின் பராமரிப்புக்குச் செல்கிறது. தீயால் இழப்பு நேராமல் காப்பவர்களுக்கு, அதனால் பயனடையும் நிறுவனங்களே பங்களிப்பது எவ்வளவு பொருத்தம்! இல்லத்தின் வளாகத்தில் அருங்காட்சியகம் ஒன்றும் உள்ளது. 1725-இல் ரிச்சர்டு நியூஷாம் செய்த கைப்பம்பு வண்டியை அங்கே இன்றும் காணலாம்.

பணியின்போது காயமுற்ற தன்னார்வலர்களுக்கு மருத்துவச் செலவும், உயிரிழந்தோரின் குடும்பத்தினருக்கு உதவித்தொகையும் வழங்கும் தனிச்சட்டம் 1957-இல் நடப்புக்கு வந்தது. 1737-இன் சட்டத்திற்கும் இதற்கும் இடையே 220 ஆண்டுகள்! தியாகத்தைப் போற்றுவது எளிது. தியாகம் செய்தவரின் குடும்பத்தைத் தாங்குவதற்குத்தான் காலம் பிடிக்கிறது.

இன்று அம்மாநிலத்தில் தன்னார்வலர் எண்ணிக்கை குறைந்து வருகிறது. வேலைக்காக வெளியூர் செல்வோர் மிகுந்துவிட்டனர். பயிற்சி நேரமும் கூடிவிட்டது. இளைஞர்களை ஈர்க்க 2011 முதல் தீயணைப்பு நிலையங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாள்களை ஏற்பாடு செய்கின்றனர். சமுதாயக் கல்லூரிக் கட்டணத்திற்கு உதவும் திட்டமும் உண்டு.

நம் மலேசியாவிலும் 'பொம்பா சுக்காரேலா' எனப்படும் தன்னார்வத் தீயணைப்புக் குழுக்கள் உள்ளன. பள்ளிகளில் தீயணைப்பு மாணவர் படையும் உண்டு. "படிப்பு கெடும்" என்று அதில் பிள்ளைகளைச் சேர்க்கத் தயங்கும் பெற்றோர் உளர். அவர்களிடம் நான் பணிவுடன் கேட்பது ஒன்றே: நம் வீடு எரியும்போது ஓடி வருபவனும் ஒரு தாயின் பிள்ளைதானே?

அந்த மாணவனிடம் இந்த வரலாற்றைச் சொன்னேன். சற்று நேரம் யோசித்தவன், "அப்படியென்றால் அவர்களை வயதான காலத்தில் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையா ஐயா?" என்றான். 1895-இல் ஹட்சனில் கண்ட விடையை அவன் தானாகவே கண்டுகொண்டான்.