ஸாஹிர் அல்-உமர்: வரிக் குத்தகையில் எழுந்த ஆட்சி

18ஆம் நூற்றாண்டில் பாலத்தீனத்தின் வடபகுதியான கலிலேயா, உதுமானியப் பேரரசின் சீதோன் மாகாணத்தில் அடங்கியிருந்தது. மாகாண ஆளுநரை இஸ்தான்புல் நியமித்தது. ஆனால் அங்கே வரி வசூலித்தவரும், வழிப்பறியை அடக்கியவரும், ஐரோப்பிய வணிகரோடு விலை பேசியவரும் ஸாஹிர் அல்-உமர் (ஏறத்தாழ 1690–1775) என்ற உள்ளூர்த் தலைவரே.

இவருடைய ஸைதானி குடும்பத்தின் செல்வாக்குக்கு அடிப்படை வரிக் குத்தகை. ஒரு பகுதிக்கான வரியாக இவ்வளவு தருகிறேன் என்று ஆளுநரிடம் ஒப்புக்கொள்பவர், அங்கே வசூலித்துக்கொள்ளும் உரிமையைப் பெறுவார், மிகுதி அவருக்கு. திபேரியாவில் தொடங்கிய ஸாஹிர், நாசரேத்து, சபேத் என்று ஒவ்வோர் ஊராகச் சேர்த்தார். 1742இல் டமாஸ்கஸ் ஆளுநர் சுலைமான் பாஷா அல்-அஸ்ம் திபேரியாவை முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. மறு ஆண்டு மீண்டும் படையெடுத்து வந்தவர் வழியிலேயே இறந்துபோனார்.

ஸாஹிரை உண்மையில் உயர்த்தியது பருத்தி. கலிலேயாப் பருத்தி அக்கா துறைமுகத்திலிருந்து பிரான்சின் மார்சேய் நகருக்குப் போய்க்கொண்டிருந்தது. பிரெஞ்சு வணிகர்கள் உழவர்களுக்கு முன்பணம் கொடுத்து, விளைச்சலைத் தாங்கள் சொன்ன விலைக்கு வாங்கிவந்தனர். 1740களில் அக்காவையும் கைப்பற்றிய ஸாஹிர் இந்த நேரடி வணிகத்தைத் தடுத்து, தம் வழியாகவே விற்பனை நடக்கச் செய்தார். அந்த வருவாயில் அக்காவுக்கு மதில் எழுந்தது; மக்ரிபுக் கூலிப்படை வந்தது; கிறித்தவ, யூதக் குடும்பங்களும் அவருடைய ஊர்களில் குடியேறின. 1760களில் ஹைஃபாவைப் புதிய இடத்தில் மதிலோடு கட்டினார்.

இவரைச் சுதந்திர அரசர் என்பது மிகை. இக்காலத்தில் சுல்தானின் மேலாண்மையை அவர் மறுக்கவில்லை. வரி பாக்கி வைத்தார், பேரம் பேசினார், பிறகு ஒரு பகுதியைக் கட்டினார். ஹஜ் பயணத்துக்கும் படைக்கும் பணம் தேவைப்பட்ட இஸ்தான்புல்லுக்கு, ஒழுங்காக ஆளத் தெரிந்த ஒருவர் இருந்தது வசதியாகவும் இருந்தது.

1768இல் தொடங்கிய ரஷ்ய–துருக்கியப் போர் இந்த ஏற்பாட்டைக் குலைத்தது. எகிப்தில் தனித்து ஆளத் தொடங்கியிருந்த மம்லூக் தலைவர் அலி பேயுடன் ஸாஹிர் கைகோத்தார். 1771இல் கூட்டுப்படை டமாஸ்கஸைப் பிடித்தது. ஆனால் எகிப்தியத் தளபதி அபூ அத்தஹப் சில நாட்களிலேயே நகரை விட்டுத் திரும்பிச் சென்றார். அதே ஆண்டு ஹூலா ஏரியருகே டமாஸ்கஸ் ஆளுநரின் படையை ஸாஹிர் முறியடித்தார். அடுத்த ஆண்டு ரஷ்யக் கப்பல்களும் உதவிக்கு வந்தன. பேரம் பேசி வாழ்ந்தவர், பேரரசின் எதிரியோடு சேர்ந்தது இப்போதுதான். அதற்குப் பின் வரி பாக்கி வெறும் பாக்கியாக இருக்கவில்லை.

1774இல் குச்சுக் கைனார்ஜா உடன்படிக்கையோடு போர் முடிந்தது. சுல்தானின் கடற்படைக்கு ஓய்வு கிடைத்தது. 1775 ஆகஸ்டில் தளபதி ஹசன் பாஷா அக்காவின் முன் நங்கூரமிட்டு, பாக்கியைக் கேட்டார். கொடுத்துவிடலாம் என்றார் கூலிப்படைத் தலைவர் திங்கிஸ்லி. கூடாது என்றார் நிதி அமைச்சர் இப்ராஹிம் ஸப்பாக். மகன்களோ அதற்கு முன்பே பங்கு கேட்டுத் தந்தைக்கு எதிராகப் பலமுறை ஆயுதம் எடுத்திருந்தார்கள். முடிவில் கூலிப்படை சண்டையிட மறுத்தது. நகரை விட்டு வெளியேறிய ஸாஹிரை, 85 வயதை ஒட்டிய நிலையில், அவருடைய சொந்த வீரர்களே சுட்டுக் கொன்றனர்.

சீதோன் மாகாணம் அஹமது ஜஸ்ஸார் பாஷாவுக்குக் கிடைத்தது. அவர் சீதோனில் தங்கவில்லை; ஸாஹிரின் அக்காவிலேயே அமர்ந்து, பருத்தி வணிகத்தையும் தம் கையில் வைத்துக்கொண்டு, 1804இல் இறக்கும்வரை ஆண்டார்.