மால்பு முதல் விரிவாணி வரை

மலை தமிழர்க்குப் புதிதன்று. நிலத்தை ஐந்தாகப் பகுத்த முன்னோர், மலையும் மலை சார்ந்த இடமும் ஆகிய குறிஞ்சிக்குச் சேயோனைத் தெய்வமாக வைத்தனர். ராசா முதலிய நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களிலிருந்து தைப்பூசத்திற்குப் பத்துமலை செல்லும் தமிழர், 272 படிகளை ஏறி அத்தெய்வத்தைத் தொழுகின்றனர். அதே மலைத்தொகுதியின் மற்றொரு புறத்தில், படி ஒன்றும் இல்லாத செங்குத்துப் பாறையில், இடுப்பில் கயிறு பிணித்த இளைஞர் வேறொரு வகை ஏற்றத்தில் ஈடுபட்டிருப்பதை அவர்களுள் பலர் அறியார். அவ்வழிகளுட் சில ஒரு தென்னை மரத்தின் உயரமே இருக்கும். ஆயினும் கடினமான ஒரு குறுவழியை விழாமல் ஏறி முடிக்கத் தேர்ந்தவர்க்கும் பல நாள் முயற்சி வேண்டும். இக்கலையின் வேர் எங்கே உள்ளது?

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் 'மால்பு' என்னும் அரிய சொல்லைப் பேணி வைத்துள்ளது. குரங்கும் ஏற இயலாது கையற்று நிற்கும் நெடிய பாறையில், தேன் எடுக்கும் கானவர் நிலையாக நிறுத்திய கண்ணேணியே மால்பு. மூங்கிலின் கணுக்களே அதில் படிகளாக உதவின. ஏற முடியாத பாறையை முதலில் ஏறியவன், பின் வருவோர்க்கும் வழி அமைத்துச் சென்றான் என்பதே இச்சொல் தரும் செய்தி. நீலமலைப் பகுதிக் குறும்பர் கொடியால் முறுக்கிய ஏணியில் தொங்கி மலைத்தேன் எடுக்கும்போது, மேலே அதனைக் காத்து நிற்போர் நம்பிக்கைக்குரிய உறவினராகவே இருப்பர். ஏறுபவன் உயிர் பிறன் கையில் உள்ளது என்னும் உண்மையை அம்மக்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

மேலைநாட்டு மலையேற்றம் வேறு நோக்கத்தோடு வளர்ந்தது. அங்கே தேனன்று, உச்சியே குறிக்கோள். பாறை வெடிப்புகளில் இரும்பு ஆப்பாணிகளை அடித்து, அவற்றில் கயிற்றை மாட்டி ஏறினர். வெடிப்பே இல்லாத வழுக்குப் பாறையில் இம்முறை பயன்படாது. 1939இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவிலுள்ள சிப்ராக் குன்றில் நால்வர் ஏறியபோது, பாறையைத் துளைத்து விரிவாணிகள் சிலவற்றைப் பதித்தனர். துளைக்குள் செலுத்தி முடுக்கியவுடன் விரிந்து பாறையை இறுகப் பற்றும் ஆணியே விரிவாணி. பேச்சு வழக்கில் போல்ட்டு.

கருவி பெருகியபின் ஒரு பெருங்கேள்வி எழுந்தது. 1970இல் இத்தாலிய வீரர் செசாரே மேஸ்த்ரி, பட்டகோனியாவின் செர்ரோ டோரே என்னும் கொடுஞ்சிகரத்தில் காற்றழுத்தப் பொறியைக் கொண்டு நூற்றுக்கணக்கான ஆணிகளை அறைந்து ஏறினார். இத்தகைய ஆணியறைதலை மற்றொரு பெருவீரரான ரெய்னோல்ட் மெஸ்னர், 'இயலாததைக் கொலை செய்வது' என்று கண்டித்து எழுதினார். எல்லாப் பாறையிலும் ஆணி அறைந்தால், மனிதன் வெல்ல என்ன எஞ்சும் என்பது அவர் வாதம். 2012இல் இளைஞர் இருவர் அவ்வாணிகளுள் நூற்றுக்கு மேற்பட்டவற்றைப் பிடுங்கி எறிந்தனர். அதுவும் பெரும் பூசலாயிற்று. ஒருவர் பதித்ததை அகற்றும் உரிமை மற்றவர்க்கு யார் தந்தது என்று பலர் வினவினர்.

இவ்வழக்கிற்கு நடுவழி காட்டியவர் செருமானியர் குர்ட் ஆல்பர்ட். 1975இல் பிராங்கன்யூரா பகுதியில், கருவியைப் பற்றி இழுக்காமலும் கயிற்றில் தொங்கி இளைப்பாறாமலும், கையாலும் காலாலும் மட்டுமே ஏறி முடித்த வழியின் அடியில் செந்நிறப் புள்ளி ஒன்றை இட்டார். ஆணி விழுவோனைத் தாங்குவதற்கு. ஏறுவோனைத் தூக்குவதற்கு அன்று. இந்த ஒரு நெறியே விளையாட்டுப் பாறையேற்றத்தின் உயிர்நிலை ஆயிற்று. பின்னர் அது தோக்கியோ ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது. 2024இல் பாரிசில், நம் அண்டை நாடாகிய இந்தோனேசியாவின் வெட்ரிக் லியோனார்டோ விரைவேற்றத்தில் பொற்பதக்கம் வென்றார்.

ஏறும் முறையை எண்ணிப் பார்ப்பின் அதன் நுட்பம் விளங்கும். ஏறுவோன் ஒவ்வோர் ஆணியை அடைந்ததும் இணைவளையத்தை மாட்டி, அதனுள் கயிற்றை இடுகிறான். கடைசி ஆணிக்கு 2 மீட்டர் மேலே கை தவறினால், அவ்வாணிக்கு 2 மீட்டர் கீழே வருவான். ஆக 4 மீட்டர் வீழ்ச்சி. கயிற்றின் நெகிழ்வும் தளர்வும் அதனை இன்னும் கூட்டும். கீழே நிற்கும் துணைவன் அக்கணத்தில் கயிற்றைப் பிடித்து நிறுத்த வேண்டும். தோள்வலியை மட்டும் நம்பியவன் விரைவில் களைத்து விழுவான். விரல் நுனி அளவே உள்ள விளிம்பில் காலை ஊன்றி, உடலின் எடையைக் காலுக்கு மாற்றத் தெரிந்தவனே ஏறுவான். குறுவழியில் இளைப்பாற இடமில்லை. அடுத்த அடியை முன்கூட்டியே எண்ணி வைத்திருத்தல் வேண்டும்.

பத்துமலை ஏறத்தாழ 40 கோடி ஆண்டு பழைமையுள்ள சுண்ணாம்புப் பாறை. மழைநீர் கரைத்த குழிகளும் விளிம்புகளுமே ஏறுவோர்க்குப் பிடிகள். அம்மழையே ஆணிக்குப் பகை. வெப்பமண்டலக் கடலோரச் சுண்ணாம்புப் பாறைகளில் துருப்பிடியா எஃகும் உள்ளூர வெடித்து முறிந்ததுண்டு. தாய்லாந்துக் கடற்கரைப் பாறைகளில் அதனால் டைட்டேனிய ஆணிகளைப் பதிக்கலாயினர். பழைய ஆணியைக் கண்ணால் மட்டும் கண்டு நம்புதல் பேதைமை. செம்புள்ளி இட்ட ஆல்பர்ட்டே 2010இல், இரும்புக் கம்பி பதித்த பாறைவழி ஒன்றில் தவறி விழுந்து உயிர் நீத்தார் என்பது நினைவிற்குரியது.

மலைக்கும் ஓர் உயிர்நிலை உண்டு. 1980களில் கல்லுடைப்பு நிறுத்தப்படும் வரை பத்துமலையின் ஒரு பகுதி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அங்குள்ள இருட்குகையில் அரிய பொறிக்கதவுச் சிலந்தியினம் ஒன்று வாழ்கிறது. வெடியோடு ஒப்பிட, ஓர் ஆணித்துளை சிறிதே. ஆயினும் துளைத்த பாறை மீண்டும் கூடாது. எங்கே பதிப்பது என்பதைப் போலவே எங்கே பதிக்காது விடுவது என்பதும் அறிவே ஆகும்.

1997 மே 23ஆம் நாள் மகேந்திரன், மோகனதாஸ் என்னும் இரு மலேசியத் தமிழர் எவரெஸ்ட்டின் உச்சியில் நின்றனர். அவ்வுச்சியை முதலில் தொட்ட மலேசியர் அவர்களே. அது நம் இனம் என்றும் போற்றத்தக்க புகழ். ஆயினும் பெயர் பெறாத புகழும் உண்டு. 1891 வாக்கில் தம்புசாமிப் பிள்ளை பத்துமலையில் வழிபாட்டை நிறுவினார். அவர் பெயரை நாடு அறியும். 1920இல் அங்கே மரப்படி அமைத்துப் பலகை சுமந்த கைகளின் பெயரை யார் அறிவார்? மால்பு நிறுத்திய கானவனுக்கும் பெயரில்லை. பாறையில் தொங்கியபடி துளையிட்டு ஆணி பதித்தவனையும் பின் ஏறுவோர் பெரும்பாலும் அறியார். எனினும் கை நழுவும் அக்கணத்தில், ஒருவன் உயிரைத் தாங்குவது அப்பெயரறியாதவன் செய்த பழுதற்ற வேலையும், கீழே கயிறு பிடித்தவனின் விழிப்புமே ஆகும். உச்சியை அடைந்தவனை மட்டும் எழுதும் வரலாறு பாதி வரலாறே.