அமெரிக்கக் குடியேற்றங்கள்: பட்டயத்திலிருந்து குடியரசு வரை (1607–1790)

வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில், 1607இல் வர்ஜீனியாவில் தொடங்கி 1732இல் பட்டயம் பெற்ற ஜார்ஜியா வரை, ஆங்கிலேய அரசின் ஆளுகையில் அமைந்த பதின்மூன்று குடியேற்றங்கள் 1776இல் தம்மைச் சுதந்திர நாடுகளாக அறிவித்துக்கொண்டன. 1783இல் பிரிட்டன் அதை ஏற்றது. 1789இல் புதிய அரசியலமைப்பின்படி ஒரே அரசாங்கம் பொறுப்பேற்றது. பள்ளிப் பாடங்கள் இந்த வரலாற்றைப் பெரும்பாலும் வரிக்கொடுமைக்கு எதிரான திடீர் எழுச்சியாகச் சொல்கின்றன. சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது. குடியேறிகள் தங்கள் காரியங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளும் பழக்கத்தில் ஒன்றரை நூற்றாண்டு ஊறியிருந்தார்கள். அந்தப் பழக்கத்தில் லண்டன் கைவைத்தபோது, அதைக் காப்பாற்றிக்கொள்ளவே பிரிந்தார்கள். சுதந்திரம் அந்தப் பழைய உரிமையைக் காக்கப் பிறந்தது. தேசம் என்பதோ அதற்குப் பின், மிகுந்த தயக்கத்தோடு, தனியாகக் கட்டப்பட்டது.

தொடக்கம் வணிகம்தான். 1607 மே மாதம் ஜேம்ஸ்டவுனில் இறங்கிய நூற்றுச் சொச்சம் ஆண்களையும் சிறுவர்களையும் அனுப்பியது லாபம் எதிர்பார்த்த வர்ஜீனியா கம்பெனி. 1609–10 குளிர்காலத்தில் பசியால் அந்தக் குடியிருப்பே அழியும் நிலைக்கு வந்தது. ஜான் ரால்ஃப் பயிரிட்டுக் காட்டிய புகையிலைதான் அதற்கு ஒரு பிழைப்பைத் தந்தது. மேலும் ஆட்களை வரவழைக்க நிலம் மட்டும் போதவில்லை, ஆட்சியில் ஓரளவு பங்கும் தர வேண்டியிருந்தது. 1619 ஜூலை 30 அன்று ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் 22 பிரதிநிதிகள் கூடினார்கள். கடும் வெயில், உறுப்பினர் ஒருவர் கூட்டத்தொடரின் இடையிலேயே இறந்துபோனார். ஆறு நாளில் கலைவதற்குள் அவர்கள் செய்த காரியங்களில் ஒன்று கவனத்துக்குரியது: பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆணும் ஒரு பவுண்டு நல்ல புகையிலை கொடுக்க வேண்டும், அதிலிருந்து அவையின் அலுவலர்களுக்கு ஊதியம் தரப்படும் என்று விதித்தார்கள். அமெரிக்க மண்ணில் ஆங்கிலேயக் குடியேறிகளின் முதல் அவை, தன் முதல் கூட்டத்திலேயே வரி விதிக்கும் அதிகாரத்தையும் கையில் எடுத்துக்கொண்டது. வடக்கில் இதே போக்கு சமய வடிவம் எடுத்தது. 1620இல் மேஃப்ளவர் கப்பலில் வந்தவர்களில் 41 ஆண்கள், தாங்கள் இயற்றும் சட்டங்களுக்குத் தாங்களே கட்டுப்படுவதாகக் கையெழுத்திட்டார்கள். 1630இல் ஜான் வின்த்ராப் மாசசூசெட்ஸ் கம்பெனியின் பட்டயத்தையே கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதனால் கம்பெனியின் பங்குதாரர் கூட்டம் குடியேற்றத்தின் சட்டமன்றமாகவே மாறியது.

அடுத்த நூறாண்டுகளில் இந்த அவைகள் வலுவடைந்ததற்குக் காரணம் பணப்பை. பெரும்பாலான குடியேற்றங்களில் ஆளுநரை அரசர் அனுப்பினார். அவருக்குச் சம்பளம் கொடுத்ததோ உள்ளூர் அவை. 1728இல் மாசசூசெட்ஸுக்கு வந்த ஆளுநர் வில்லியம் பர்னெட் நிரந்தரச் சம்பளம் கேட்டு அவையோடு மல்லுக்கட்டினார். அவை கடைசிவரை இசையவில்லை, மறு ஆண்டு அவர் இறந்தே போனார். கனெக்டிகட்டும் ரோட் ஐலண்டும் ஆளுநரையே தாமாகத் தேர்ந்தெடுத்தன. லண்டன் பிடியை இறுக்கிப் பார்க்காமல் இல்லை. 1686இல் இரண்டாம் ஜேம்ஸ் அரசர் வடபகுதிக் குடியேற்றங்களை ஒன்றாக்கி, அவைகளைக் கலைத்து, எட்மண்ட் ஆண்ட்ரோஸை அதிபதியாக்கினார். இங்கிலாந்தில் அரசர் வீழ்ந்த செய்தி எட்டியதும், 1689 ஏப்ரலில் பாஸ்டன் மக்கள் ஆண்ட்ரோஸைச் சிறையில் தள்ளினார்கள். அதற்குப் பிறகு கப்பல் வணிகச் சட்டங்களைப் பெயரளவுக்கு அமல்படுத்தியதோடு லண்டன் நிறுத்திக்கொண்டது. கண்டும் காணாமலும் விட்ட அந்தக் காலத்தில், சலுகையாகத் தொடங்கியது உரிமையாகக் கெட்டிப்பட்டது.

1763இல் ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரான்ஸ் கனடாவை இழந்திருந்தது. பிரிட்டனின் கடனோ ஏறத்தாழ இருமடங்காகியிருந்தது. குடியேற்றங்களைக் காத்த செலவில் குடியேறிகளும் பங்கேற்கட்டும் என்று நாடாளுமன்றம் எண்ணியது. 1765ஆம் ஆண்டு முத்திரைவரிச் சட்டம் பத்திரங்கள், செய்தித்தாள்கள், சீட்டுக்கட்டுகள் வரை வரி விதித்தது. குடியேறிகள் செலுத்திய வரி இங்கிலாந்து மக்களின் சுமையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. சில்லறைக் காசுக்காகவா ஒரு பேரரசை உடைத்தார்கள் என்ற கேள்வி நியாயமானது. தேயிலை இதற்கு நல்ல விடை தருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கிடங்குகளில் தேங்கிக் கிடந்த சீனத் தேயிலையை அமெரிக்காவில் விற்க வழிசெய்த 1773ஆம் ஆண்டுச் சட்டம், தேயிலையின் விலையைக் குறைக்கவே செய்தது. ஆயினும் பவுண்டுக்கு மூன்று பென்ஸ் இறக்குமதி வரி நீடித்தது. டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன. மலிவான தேநீரை மக்கள் மறுத்தது, வரியை யார் விதிப்பது என்ற வினாவுக்காக. அந்த வரிப்பணத்திலிருந்து ஆளுநருக்கும் நீதிபதிகளுக்கும் நேரடியாகச் சம்பளம் கொடுக்க லண்டன் முனைந்தது. அது நடந்திருந்தால் அவைகளின் கையிலிருந்த ஒரே கடிவாளமும் போயிருக்கும்.

தேயிலையைக் கொட்டியதற்காக 1774இல் வந்த தண்டனைச் சட்டங்கள் இந்த அச்சத்தை உறுதிசெய்தன. மாசசூசெட்ஸின் பட்டயம் திருத்தப்பட்டது. ஆளுநரின் அனுமதியின்றி ஊர்க்கூட்டம் கூட்டுவது தடைசெய்யப்பட்டது. செப்டம்பர் 6 அன்று வூஸ்டர் என்ற ஊரில் சுமார் 4,600 குடிப்படையினர் தெருவின் இருபுறமும் அணிவகுத்து நின்றார்கள். நீதிமன்ற அதிகாரிகள் தொப்பியைக் கையில் பிடித்தபடி அவர்கள் நடுவே நடந்து, புதிய சட்டத்தின்கீழ் பதவி வகிக்க மாட்டோம் என்று திரும்பத் திரும்ப வாசித்தார்கள். லெக்சிங்டனில் போரின் முதல் துப்பாக்கி வெடிக்க இன்னும் ஏழு மாதங்கள் இருந்தன. அந்த வட்டாரத்தில் அரசரின் ஆட்சி அன்றே முடிந்துவிட்டது. அப்படியிருந்தும், 1775 ஏப்ரலில் போர் மூண்ட பிறகுகூட, குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய கான்டினென்டல் காங்கிரஸ் ஜூலையில் அரசருக்குச் சமாதான விண்ணப்பம் அனுப்பியது. மூன்றாம் ஜார்ஜ் ஆகஸ்டில் அவர்களைக் கலகக்காரர்கள் என்று அறிவித்தார். 1776 ஜனவரியில் வெளியான தாமஸ் பெயினின் சிறுநூல் முடியாட்சியையே வேரோடு மறுத்தது. ஜூலை 2 அன்று பிரிவினைத் தீர்மானமும், 4 அன்று பிரகடனமும் நிறைவேறின. புதிய அரசுகள் எதைத் தொடர்ந்தன என்பதைப் பார்த்தால் இந்த மாற்றத்தின் இயல்பு விளங்கும்: அரசர் அளித்த பட்டயத்தையே அரசியலமைப்பாக வைத்துக்கொண்டு கனெக்டிகட் 1818 வரையிலும், ரோட் ஐலண்ட் 1840கள் வரையிலும் ஆட்சி நடத்தின. அரசரின் பெயர் நீங்கியது, ஆட்சிமுறை நின்றது.

தன்னாட்சிப் பழக்கமே காரணமென்றால், 1639 முதலே அவை கண்ட பார்படோஸ், தனக்கென அவை கொண்ட ஜமைக்கா ஆகிய பிரிட்டனின் கரீபியத் தீவுகள் ஏன் பிரியவில்லை? வலுவான எதிர்வாதம் இதுதான். அந்தத் தீவுகளில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் பெரும்பான்மையினர்; அவர்கள் கிளர்ந்தெழுந்தால் காக்கப் பிரிட்டிஷ் படை தோட்ட முதலாளிகளுக்குத் தேவைப்பட்டது. அவர்களின் சர்க்கரைக்கோ பிரிட்டனின் சந்தைதான் கதி. ஆகவே பழக்கம் அவசியமான காரணமே தவிர, அது மட்டும் போதுமானதன்று; அரசரின் துணையின்றிப் பிழைக்க முடியும் என்ற நிலையும் வேண்டியிருந்தது. இன்னொரு மறுப்பு, இது முழுக்கச் சொத்துடையோரின் சுயநலம் என்பது. அதில் உண்மை உண்டு. அப்பலாச்சிய மலைக்கு மேற்கே குடியேறுவதை 1763ஆம் ஆண்டு அரசாணை தடுத்தது நில வணிகர்களை எரிச்சலூட்டியது. தன் படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று வர்ஜீனிய ஆளுநர் டன்மோர் 1775 நவம்பரில் அறிவித்தது, ஊசலாடிய தோட்ட முதலாளிகளைக் காங்கிரஸ் பக்கம் தள்ளியது. ஆனால் நிலமும் அடிமையும் பெரிதாக இல்லாத வூஸ்டர் உழவர்கள் வீதிக்கு வந்ததை இந்த விளக்கம் தொடவில்லை.

போரை வென்றது தனிப்பட்ட வீரம் மட்டுமன்று. 1777இல் சரடோகா வெற்றிக்குப் பின் பிரான்ஸ் கூட்டுச் சேர்ந்தது. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்தபோது கடல்வழியை அடைத்து நின்றது பிரெஞ்சுக் கப்பற்படை. 1783 ஜூனில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கடலூரை ஆங்கிலேயர் முற்றுகையிட்டதும், அதன் கடலில் இரு கப்பற்படைகள் மோதியதும் இதே போரின் நீட்சி; ஐரோப்பாவில் சமாதானம் ஆன செய்தி வந்த பின்னரே அங்கு பீரங்கிகள் ஓய்ந்தன.

சுதந்திரம் கிடைத்தது, தேசம் கிடைக்கவில்லை. குடியேற்றங்கள் ஒன்றுசேரத் தயங்கியது புதிதல்ல: 1754இல் ஆல்பனியில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் முன்வைத்த ஒன்றியத் திட்டத்தை அவைகளே ஏற்கவில்லை. 1781இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகளின்படி காங்கிரஸுக்கு வரி விதிக்கும் அதிகாரமே இல்லை. இறக்குமதிக்கு ஐந்து விழுக்காடு வரி என்ற யோசனை 1782இல் ரோட் ஐலண்டின் மறுப்பால் விழுந்தது. நாடாளுமன்றத்தைத் தடுத்த அதே பழக்கம் இப்போது சொந்த நடுவண் அரசைத் தடுத்தது. போர்க்கடன் தீரவில்லை; 1786–87இல் மாசசூசெட்ஸ் உழவர்கள் கடனுக்கும் வரிக்கும் எதிராக ஆயுதம் ஏந்தினார்கள். 1787 கோடையில் ஃபிலடெல்ஃபியாவில் கூடியவர்கள் கண்ட தீர்வு, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஓர் அவையின் வழியாகவே நடுவண் அரசு வரி விதிக்கலாம் என்பது. பழைய கொள்கை அப்படியே பெரிய அளவில் நீட்டப்பட்டது. ஒன்பதாவதாக நியூ ஹாம்ப்ஷயர் 1788 ஜூனில் இசைந்ததும் அரசியலமைப்பு உயிர்பெற்றது. கடைசியாக ரோட் ஐலண்ட் 1790 மே மாதம் சேர்ந்தது.

இந்த வரலாற்றின் வலிமையும் குறையும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. ஆள்வோரின் ஒப்புதலால் அன்றி, ஆளப்படுவோரின் ஒப்புதலால்தான் வரியும் சட்டமும் செல்லும் என்ற நம்பிக்கை, அவையில் இடம்பெற்றவர்களின் அனுபவத்தில் விளைந்தது. ஆகவே அது அவர்களோடே நின்றது. முதல் அவை கூடிய 1619ஆம் ஆண்டிலேயே, சில வாரங்கள் கழித்து, ஆப்பிரிக்கர்கள் வர்ஜீனியாவில் விலைக்கு இறக்கப்பட்டார்கள். 1787ஆம் ஆண்டு ஆவணம் பிரதிநிதித்துவக் கணக்கில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக மட்டும் எண்ணியது, வாக்குரிமை தரவில்லை. பூர்வகுடிகளின் நிலம் அவர்களைக் கேட்காமலே புதிய மாநிலங்களுக்கென்று அளக்கப்பட்டது. இவற்றை அந்தக் கொள்கையின் சறுக்கல்கள் என்று சொல்லி ஒதுக்குவது பொருந்தாது. உரிமை என்பது பழகியவர்களின் சொத்தாக இருந்த வரை, பழக விடாமல் தடுக்கப்பட்டவர்கள் வெளியே நிற்பது அதன் இயல்பான விளைவு. பின்வந்த இருநூறு ஆண்டுகளில் விடுபட்டவர்கள் ஒவ்வொருவராகக் கேட்டது, அந்த அவையில் தங்களுக்கும் ஓர் இடம் என்பதைத்தான். 1619இல் தொடங்கிய வாதத்தின் முழுப் பொருளை வெளிக்கொணர்ந்த பெருமை அவர்களுக்கே உரியது.