ஸ்ட்ரைக் என்றொரு சொல்

நம்மூரில் இந்தச் சொல்லை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மில் கேட், பஸ் டெப்போ, காலேஜ் வாசல் என்று எங்கேயும் 'இன்னிக்கு ஸ்ட்ரைக்' என்றால் போதும். வேலைநிறுத்தம் என்பது நோட்டீஸில் அச்சாகிற சொல். வாயில் வருவது ஸ்ட்ரைக்தான். ஆனால் ஆங்கிலத்தில் அதற்கு ஒரு கூட்டம் அர்த்தங்கள். அடிப்பது, தீக்குச்சி உரசுவது, கடிகாரம் மணியடிப்பது, பட்டியலில் பெயரை அடித்து நீக்குவது, பேரம் படிவது, தோண்டிய இடத்தில் எண்ணெயோ தங்கமோ தட்டுப்படுவது, கொடியை இறக்குவது, விமானத்திலிருந்து குண்டு போடுவது - எல்லாமே ஸ்ட்ரைக். தொழிலாளியின் ஸ்ட்ரைக் இவற்றில் எதிலிருந்து கிளைத்தது? முதலாளிக்கு விழுகிற அடி என்றுதான் நமக்குத் தோன்றும். கேட்க நன்றாகவும் இருக்கிறது. அகராதிகள் காட்டும் தடம் வேறு.

1768. இங்கிலாந்தின் வடகிழக்கில் சண்டர்லேண்ட் துறைமுகம். கூலி உயர்வு கேட்ட கப்பல் தொழிலாளர்கள் ஊர் நடுவே கூடித் தங்கள் குறைகளை வாசித்தார்கள். பிறகு துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் ஏறி, பாயைத் தாங்கும் குறுக்குக்கழிகளை இறக்கிவிட்டார்கள். கப்பல் நகரவில்லை. இறக்குவதற்குக் கப்பல்காரர்கள் பாஷையில் ஸ்ட்ரைக் என்று பெயர். அதே ஆண்டு லண்டனில் தேம்ஸ் நதியிலும் இதே கதை. பேரரசின் தலைநகரத்து வணிகம் பாய் இல்லாமல் நின்றது. வேலை மறுப்பு என்ற அர்த்தத்தை இந்த இறக்குதலோடு சேர்த்துத்தான் அகராதிகள் பேசுகின்றன.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பாயை இறக்குவது அதுவரை பணிவின் அடையாளம். தன்னைச் சுற்றியுள்ள கடலெல்லாம் தனக்கே சொந்தம் என்று சொல்லிக்கொண்ட இங்கிலாந்து, எதிர்ப்படும் அந்நியக் கப்பல்கள் கொடியையும் மேல்பாயையும் இறக்கி வணக்கம் வைக்க வேண்டும் என்றது. 1652இல் டோவர் அருகே டச்சுத் தளபதி டிரோம்ப்புக்கும் ஆங்கிலேயத் தளபதி பிளேக்குக்கும் இந்த மரியாதைத் தகராறில்தான் பீரங்கி வெடித்தது. முதல் ஆங்கில-டச்சுப் போர் அப்படித் தொடங்கியது. 1654 உடன்படிக்கையில் இந்த வணக்கத்தை ஒரு ஷரத்தாகவே எழுதி வாங்கிக்கொண்டார்கள். கொடியை இறக்கினால் சரணடைந்ததாக அர்த்தம். அடிபணிகிறவன் செய்ய வேண்டிய அதே காரியத்தை 1768இல் கூலிக்காரன் தன் இஷ்டத்துக்குச் செய்தான். சைகை மாறவில்லை, யார் சொல்லி யார் செய்கிறார்கள் என்பது தலைகீழானது. பிரெஞ்சிலும் இப்படி ஒரு புரட்டல் உண்டு. பாரிசில் வேலை தேடிக் காத்து நின்ற கிரேவ் மைதானத்தின் பெயரே பிறகு வேலை மறுப்புக்குப் பெயரானது. ஜெர்மானியர்கள் அலட்டிக்கொள்ளவில்லை, ஆங்கிலச் சொல்லையே வாங்கிக்கொண்டார்கள், நம்மைப் போல.

இதோடு நிறுத்தினால் அது வீரகாவியமாகிவிடும். அதே 1768இல் லண்டனில் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்கும் கூலிகளும் போராடினார்கள். பெரும்பாலோர் ஐரிஷ் கத்தோலிக்கர்கள், அந்த ஊரின் கடைசிப்படி மனிதர்கள். அவர்கள் வேலையை மறுத்தபோது கரியை இறக்க முன்வந்தவர்கள் யார்? கப்பல் தொழிலாளர்கள். இரு தரப்பும் மோதிக்கொண்டது, கொலை விழுந்தது. ஆட்களை அமர்த்தித் தரும் ஏஜெண்டாக இருந்த ஒரு மதுக்கடைக்காரர் வீட்டின் மீது சுட்டதற்காக ஏழு கரிக்கூலிகள் அந்த ஜூலையில் ஷாட்வெல்லில் தூக்கிலிடப்பட்டார்கள். ஸ்ட்ரைக் என்ற சொல் பிறந்த ஆண்டிலேயே ஸ்ட்ரைக்கை உடைப்பதும் பிறந்துவிட்டது. தொழிற்சங்க வரலாறுகள் முதலாவதை விரிவாக எழுதுகின்றன.

1888 ஜூலையில் கிழக்கு லண்டனின் பிரையண்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையிலிருந்து சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வெளியேறினார்கள். எங்கே உரசினாலும் பற்றுகிற குச்சிக்கான வெள்ளைப் பாஸ்பரஸ் அவர்கள் தாடையெலும்பை அரித்தது. அந்த நிலைமையை எழுதி அம்பலப்படுத்திய அன்னி பெசன்ட் பின்னாளில் அடையாறுக்கு வந்தார். அவருடைய தியசாபிகல் சகா பி.பி. வாடியா தலைமையில் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. ஆள் வழியாகவும் சொல் பயணம் செய்கிறது.

அந்தச் சங்கத்தின் கோட்டையான பக்கிங்ஹாம்-கர்நாடிக் மில்லில் 1921இல் பெரிய ஸ்ட்ரைக். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குப் போனார்கள். ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் எரிந்தன. 'கருங்காலிகள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது சுலபம். மில்லுக்குள் தோளோடு தோள் நிற்கச் சொல்கிறவன் மில்லுக்கு வெளியே தெருவில் நடக்க விடுகிறானா என்று எம்.சி. ராஜாவின் பக்கம் நின்றவர்கள் கேட்டிருந்தால், சங்கத்திடம் என்ன பதில் இருந்திருக்கும்? ஷாட்வெல்லிலும் புளியந்தோப்பிலும் இந்தச் சொல் எல்லாருக்கும் ஒரே மாதிரி சொந்தமாக இருக்கவில்லை.

2003 ஜூலையில் தமிழக அரசு எஸ்மாவைக் காட்டி ஒன்றேமுக்கால் லட்சம் அளவுக்கு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் வேலையிலிருந்து நீக்கியது; ஸ்ட்ரைக்குக்குப் பதில் பெயரை அடித்து நீக்குகிற ஸ்ட்ரைக். அரசு ஊழியர்களுக்கு ஸ்ட்ரைக் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ கிடையாது என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2016இல் எல்லை தாண்டிய ராணுவ நடவடிக்கைக்கு 'சர்ஜிகல் ஸ்ட்ரைக்' என்று பெயர் வந்தபோது அதே சொல் தேசப்பெருமையானது, சினிமாவும் ஆனது. 2003இன் ஊழியர்களுக்கோ திரும்ப உள்ளே போக ஒரே வழிதான் இருந்தது: நிபந்தனையற்ற மன்னிப்பும், இனி விதிகளை மீற மாட்டேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது.