மிதிவண்டி வந்த வழி

அரசர்களின் போர்களை மட்டுமே வரலாறு என்று எண்ணிவிடலாகாது. சிற்றூர்ப் பாதைக்கும் வரலாறு உண்டு.

தென்காசிக்கு அருகே, வயல்களின் நடுவே அமைந்த ஊர் சுந்தரபாண்டியபுரம். மேற்கே மலைத்தொடர். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று சீறி வரும். அப்போது மேற்கு நோக்கி மிதிவண்டி ஓட்டினால், சமதரையும் மேடாகத் தோன்றும். கிழக்கே திரும்பினாலோ காற்றே நம்மைத் தள்ளிச் செல்லும்.

இவ்வண்டி இப்பாதைக்கு வந்து சேர நெடுங்காலமாயிற்று. 1817இல் ஜெர்மானியரான டிரைஸ் செய்த வண்டிக்கு மிதிகட்டை இல்லை. காலால் தரையை உந்திச் செல்லவேண்டும். 1885இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி, ஏறத்தாழ ஒத்த அளவுள்ள இரு சக்கரங்களும் சங்கிலியும் கொண்ட வண்டியை அமைத்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். கரடுமுரடான பாதைக்கேற்ற வண்டி அதன் பின்னரே கிடைத்தது. 1949இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் தோன்றியது.

ஆயினும் சிற்றூர்களில் வண்டி பெரும்பாலும் ஆடவர்க்கே உரியதாயிருந்தது. பள்ளி தொலைவென்று படிப்பை விட்ட சிறுமியர் பலரை என் ஆசிரியப் பணியில் கண்டு வருந்தியிருக்கிறேன். புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. 1992ஆம் ஆண்டு மகளிர் நாளில் 1,500க்கு மேற்பட்ட பெண்கள் அங்கே வண்டியில் அணிவகுத்தனர். தமிழக அரசு 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு விலையின்றி மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. 2005இல் அத்திட்டம் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பினர் அனைவர்க்கும் விரிந்தது.

இன்று வயற்பாதையில் மாணவியர் எதிர்காற்றை வென்று பள்ளி செல்கின்றனர். உங்கள் பாட்டியரிடம் கேளுங்கள். அவர்கள் படிப்பு எத்தனையாவது மைலில் நின்றதென்று சொல்வார்கள்.