பழவேற்காடு ஏரியும் அதைக் காக்க எழுந்த அமைப்புகளும்

மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலிக்காட்' என்று பெயர். அந்தப் 'பெலிக்காட்' வேறெதுவுமில்லை, திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடுதான். இங்கிருந்து துணி கப்பலேறியது. துணியோடு ஊரின் பெயரும் போனது. டச்சுக்காரர்கள் 1610இல் இங்கே காலூன்றி, கெல்த்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையில் தங்கள் வணிகத்தின் தலைமையிடமாகவே இந்த ஊரை வைத்திருந்தார்கள். மரக்காயர் குடும்பங்கள் கடல் வணிகத்தில் செழித்த ஊர் இது.

அந்தத் துணி வணிகம் பழங்கதையாகிவிட்டது. இன்று இந்த ஊரும் சுற்றியுள்ள மீனவர் கிராமங்களும் நம்பியிருப்பது ஏரியைத்தான். வலை போடுபவர், நண்டு ஏற்றுமதி செய்பவர், ஐஸ் கட்டி விற்பவர், படகோட்டி, ஏரிக்கரையில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் சகோதரர் என எல்லாருடைய அடுப்பும் அதன் தண்ணீரைப் பொறுத்தே எரிகிறது. அந்த ஏரியைக் காக்க யார் யார் ஒன்றுகூடினார்கள், அந்த முயற்சிகள் எப்படி வளர்ந்தன, இன்னும் எது குறைவாக இருக்கிறது என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஏரியின் இயல்பு

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. இதன் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தென்கோடி மட்டுமே தமிழ்நாட்டில். வங்கக்கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்டு கிடக்கிறது. தெற்கே ஆரணி ஆறும் வடக்கே காளங்கி, சொர்ணமுகி ஆறுகளும் நன்னீரைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் வந்து போகிறது. உப்பும் இனிப்பும் கலக்கும் இந்த நீரில்தான் இறாலும் நண்டும் மடவையும் வளர்கின்றன. பூநாரைகளும் கூழைக்கடாக்களும் வருவதும் இதை நம்பித்தான்.

ஏரி ஆழமற்றது. மண் சேர்ந்தால் உடனே பாதிக்கப்படும். கோடையில் மணல் மூடி முகத்துவாரம் அடைபட்டால் கடலுக்குப் படகு போகாது. கடலிலிருந்து இறால் குஞ்சும் உள்ளே வராது. ஆற்றில் நன்னீர் குறைந்தால் உப்பு ஏறும். ஏரியின் நோய் எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டு வாசல்களில்தான் தொடங்குகிறது.

முதல் அமைப்பு: பாடு

சுற்றுச்சூழல் என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே இங்கே ஓர் ஏற்பாடு இருந்தது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் 'பாடு' என்ற முறையில் ஏரியைப் பங்கிட்டுக்கொண்டார்கள். நல்ல மீன்பிடி இடங்களை யாரும் நிரந்தரமாகச் சொந்தம் கொண்டாட முடியாது. சீட்டுப் போட்டு, முறை வைத்து, ஒருவருக்குப் பின் ஒருவராக வலை போட வேண்டும். எந்த வலை, எந்த இடம், யாருடைய முறை என்பதை ஊர்க்கூட்டமே தீர்மானிக்கும். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனம் 1991இல் செபாஸ்டியன் மேத்யூ எழுதிய ஆய்வை வெளியிட்டு, இந்த முறையை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது.

பாடு முறையில் குறையும் உண்டு. அது எல்லாருக்கும் இடம் தரவில்லை. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களும், பிற்காலத்தில் மீன்பிடிக்கு வந்த பிற சமூகத்தாரும் அதற்கு வெளியே நின்றார்கள். அதனால் பூசல்களும் எழுந்தன. ஆனாலும் ஒரு பாடம் இதில் இருக்கிறது. ஏரியைப் பற்றிய அறிவும் ஏரியைப் பற்றிய முடிவும் ஒரே இடத்தில், கரையில் வாழ்பவர் கையில் இருந்தன.

கல்லூரியிலிருந்து வந்தவர்கள்

அடுத்த கட்டத்தில் படித்தவர்கள் வந்தார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் பி.ஜே. சஞ்சீவராஜ் பல பத்தாண்டுகள் இந்த ஏரியை ஆராய்ந்தார். அந்தக் கல்லூரி பழவேற்காட்டிலேயே ஓர் ஆய்வுக்கூடம் வைத்து மாணவர்களை அனுப்பியது. ஏரியின் உயிரினங்களைப் பற்றி அவர் எழுதிய நூலை, தேசியப் பல்லுயிர் ஆணையம் 2006இல் வெளியிட்டது. எந்த உயிரினம் இருந்தது, எது குறைந்தது என்று சொல்ல இன்று ஒரு கணக்கு இருக்கிறதென்றால், அதற்கு இத்தகைய பொறுமையான உழைப்பே காரணம்.

1978இல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற இயற்கை ஆர்வலர் சங்கங்கள் பறவைகளைப் பார்த்துப் பதிவுசெய்தன. சென்னையைச் சேர்ந்த கிரெனியோ என்ற தொண்டு நிறுவனம் மீனவர் வாழ்வாதாரம், அலையாத்தி மரங்கள் ஆகியவற்றில் வேலை செய்தது. கட்டடக்கலைஞர் சேவியர் பெனடிக்ட் தொடங்கிய ஆர்டே அறக்கட்டளை, ஏரியின் சூழலையும் ஊரின் பழம்பெருமையையும் சேர்த்தே காக்க வேண்டும் என்று பேசியது. நம் பெண்கள் செய்யும் பனையோலைக் கைவினையும் இப்படிப்பட்ட முயற்சிகளால் வெளியுலகுக்குத் தெரியவந்தது.

அறிவு வழக்காடிய நாள்

இந்த அறிவுக்கு என்ன பயன் என்பதை 1996 காட்டியது. கடற்கரையெங்கும் இறால் பண்ணைகள் பெருகி, உப்பு நீரும் கழிவும் வயலையும் குடிநீரையும் கெடுத்த காலம் அது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் வல்லுநர்கள் நேரில் ஆய்வு செய்து, இறால் பண்ணைகளின் வருமானத்தைவிட அவை விளைவிக்கும் சேதமே அதிகம் என்று கணக்குக் காட்டினார்கள். 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. சிலிகா, பழவேற்காடு ஆகிய இரு ஏரிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்றது நீதிமன்றம்.

பாதிக்கப்பட்ட மக்களின் குரலும் வல்லுநரின் கணக்கும் சேர்ந்ததால் கிடைத்த தீர்ப்பு அது. கணக்கு இல்லாத குரல் வெறும் புலம்பலாக ஒதுக்கப்பட்டிருக்கும். குரல் இல்லாத கணக்கோ அலமாரியில் தூங்கியிருக்கும்.

இன்றைய சோதனை

இப்போது ஏரியின் தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் இருக்கின்றன. சுமார் 330 ஏக்கரில் உள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,100 ஏக்கருக்கு மேல் விரிவாக்க ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டது. கரை அரிக்கும், முகத்துவாரம் கெடும் என்று மீனவர் கிராமங்கள் எதிர்த்தன. 2021 ஜனவரி 22 அன்று நடக்கவிருந்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

கருத்துக்கேட்பு என்பது என்ன? 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, மாவட்ட ஆட்சியர் அல்லது அவருடைய பிரதிநிதியின் தலைமையில் நடத்த வேண்டிய கூட்டம் அது. அறிக்கையின் சுருக்கத்தை மக்களின் மொழியில் தர வேண்டும். எழுத்து மூலமாகவும் கருத்துச் சொல்லலாம். கூட்டம் முடியும்போது பதிவான கருத்துகளை மக்களுக்கு அவர்கள் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற வரம்பு மட்டும் இல்லை. பத்துப் பேர் வந்தாலும் அது நடந்த கூட்டம்தான். நாம் போகாவிட்டால், நாம் ஒப்புக்கொண்டதாகவே ஆகிவிடும்.

முழு அறிக்கையோ நூற்றுக்கணக்கான பக்கம், பெரும்பாலும் ஆங்கிலத்தில். அதை 30 நாளில் வாசித்து, எங்கே தவறு என்று காட்டக்கூடியவர் ஊரில் எத்தனை பேர்? இதுவரை இந்த வேலையைப் பெரும்பாலும் சென்னையிலிருந்து பூவுலகின் நண்பர்கள் போன்ற அமைப்புகளே செய்து வந்திருக்கின்றன. அவர்களுக்கு நன்றி சொல்லும் அதே வேளையில் ஒன்றை யோசிக்க வேண்டும். வீடு தீப்பற்றினால் பக்கத்து ஊரார் தண்ணீரோடு வருவார்கள்தான். அதற்காக நம் வீட்டில் ஒரு குடம்கூட வைக்காமல் இருக்கலாமா?

மார்க்கம் காட்டும் வழி

மத்ரஸாவில் ஃபிக்ஹுப் பாடம் தொடங்குவதே தண்ணீரைப் பற்றிய சட்டங்களில்தான். தண்ணீரும் மேய்ச்சலும் நெருப்பும் மக்களுக்குப் பொது என்பது அபூதாவூதில் பதிவான நபிமொழியின் கருத்து. கிணற்றைச் சுற்றி 'ஹரீம்' என்ற பாதுகாப்பு எல்லையும், பொதுநன்மைக்காக ஒதுக்கப்பட்ட 'ஹிமா' நிலமும் நம் சட்டநூல்களில் உள்ளவை. ஒரே கப்பலில் கீழ்த்தட்டில் இருப்பவர்கள் தண்ணீர் எடுக்க வசதியாகத் தங்கள் பகுதியில் ஓட்டை போட நினைத்தால், மேலே இருப்பவர்கள் தடுத்தால் எல்லாரும் தப்புவார்கள், விட்டுவிட்டால் எல்லாரும் மூழ்குவார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் உவமை சொன்னதை நுஃமான் பின் பஷீர் (ரலி) அறிவிக்கிறார்கள்; புகாரியில் இருக்கிறது. ஏரிக்கரை மக்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

இதை நடைமுறையில் செய்து காட்டியவர்களும் உண்டு. இலங்கையில் பிறந்து பிரிட்டனில் குடியேறிய ஃபஸ்லுன் காலித், இஸ்லாமியச் சூழலியலுக்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். ஆப்பிரிக்காவின் சான்சிபாரில் மிசாலி என்றொரு தீவு. தொழுகை விரிப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள். அங்கே முஸ்லிம் மீனவர்கள் வெடி வைத்து மீன் பிடித்ததால் பவளப்பாறைகள் அழிந்தன. அரசுத் தடையால் நிற்காத அந்தப் பழக்கம், 1990களின் இறுதியில் அவருடைய நிறுவனமும் தொண்டு அமைப்புகளும் உள்ளூர் மார்க்க அறிஞர்களும் சேர்ந்து குர்ஆன் அடிப்படையில் பாடம் நடத்திய பிறகு குறைந்தது. சூழலியலாளர் தகவலைத் தந்தார்; இமாம் அதற்குப் பொறுப்புணர்வைச் சேர்த்தார்.

நம் ஊரில் ஒரு கிளை

நம் மஹல்லாக்களில் பொறியியல், வேதியியல், கடல் உயிரியல், சட்டம் படித்த பிள்ளைகள் இன்று இருக்கிறார்கள். பலர் வளைகுடாவிலும் சென்னையிலும் வேலை பார்க்கிறார்கள். இவர்களும், ஏரியை நாள்தோறும் பார்க்கும் மீனவர்களும், இருளர் பெண்களும் ஒரே பாயில் உட்கார்ந்தால் அதுவே சூழல் வல்லுநர் சங்கத்தின் உள்ளூர்க் கிளை. தொடக்கத்தில் நான்கு வேலைகள் போதும்.

ஒன்று, முகத்துவாரம் எந்த நாளில் அடைபட்டது, எப்போது திறந்தது, என்ன மீன் எவ்வளவு கிடைத்தது என்று ஒரு நோட்டில் தொடர்ந்து எழுதிவைப்பது. ஐந்து வருடக் குறிப்பு எந்த மேடைப் பேச்சையும்விடக் கனமான சாட்சி.

இரண்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டு, வரைபடங்களையும் அனுமதிக் கடிதங்களையும் வாங்கி ஊரில் வைப்பது.

மூன்று, கருத்துக்கேட்பு அறிவிப்பு வந்தவுடன் அறிக்கையைப் பங்குபோட்டுப் படித்து, ஜுமுஆவுக்குப் பிறகும் குப்பத்து ஊர்க்கூட்டத்திலும் எளிய தமிழில் விளக்குவது.

நான்கு, ஆண்டுக்கு ஒரு பிள்ளையையாவது, ஆணோ பெண்ணோ, சூழலியல் படிக்கவைக்க ஜமாஅத்தின் கல்வி நிதியிலிருந்து உதவுவது.

இந்தக் கிளை முஸ்லிம்களுக்கு மட்டும் ஆனதாக இருக்கக் கூடாது. பாடு முறை செய்த தவற்றை நாமும் செய்ய வேண்டாம். ஏரிக்கு மதமில்லை, வலை போடுபவரும் அதை வாங்கிச் சாப்பிடுபவரும் ஒரே தண்ணீரைச் சார்ந்தவர்கள்.

ஏரி நமக்கு அமானிதம். நம் முன்னோர் அதை மீனோடும் பறவையோடும் நம்மிடம் விட்டுப்போனார்கள். அதைக் குறையில்லாமல் நம் பிள்ளைகள் கையில் ஒப்படைக்க வல்ல அல்லாஹ் நமக்கு அறிவையும் ஒற்றுமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.